பகிடியும் வதையும்: பாடசாலைத் துன்புறுத்தலும் திரைப்படச் சிரிப்பும்

இலங்கைத் தமிழில் 'பகிடிவதை' என்றொரு சொல் உண்டு. பல்கலைக்கழகங்களிற் புதுமுக மாணவரை மூத்த மாணவர் துன்புறுத்துவதைக் குறிக்க வழங்கும் இச்சொல் இன்று சட்டத்தின் பெயரிலும் செய்தித்தாள்களிலும் நிலைபெற்றுவிட்டது. இதே செயலைச் சிங்களத்தில் 'நவக வதய' என்பர். புதியவரை வதைத்தல் என்பது அதன் பொருள். தமிழ்நாட்டார் நெடுங்காலம் 'ராகிங்' என்ற ஆங்கிலச் சொல்லையே ஒலிபெயர்த்து வழங்கினர். மூன்றையும் ஒப்புநோக்கும்போது ஒரு வேறுபாடு புலனாகின்றது. சிங்களச் சொல், வதைக்கப்படுபவர் யார் என்பதைக் கூறுகின்றது. தமிழ்ச் சொல் அதனைக் கூறாது, வதை எந்த வேடம் தரித்து வருகின்றது என்பதைக் கூறுகின்றது. பகிடியாகத் தொடங்குவது வதையாக முடிகின்றது என்றும், வதையாகவே தொடங்குவது பகிடி என்று பெயர் சூட்டிக்கொள்கின்றது என்றும் இச்சொல்லுக்கு இருவகையாகவும் பொருள் கொள்ளலாம். இரண்டாவதே உண்மைக்கு நெருக்கமானது என்பது எமது கருத்து.

ஆயின் இச்சொல்லின் எல்லை குறுகியது. பத்து வயதிலும் பன்னிரண்டு வயதிலும், ஒரே வகுப்பில், ஒரே வாங்கில், ஆண்டுக்கணக்காக ஒரு பிள்ளையின் மீது நிகழும் துன்புறுத்தலுக்குத் தமிழிற் பொதுவழக்குப் பெற்ற தனிச்சொல் இல்லை. நக்கல், நையாண்டி, சீண்டல், பட்டப்பெயர் வைத்தல், வம்புக்கிழுத்தல் எனப் பல சொற்கள் உள. அவை யாவும் செயலைச் சிறுமைப்படுத்தியே காட்டுகின்றன. முறையிடும் பிள்ளைக்கு வீட்டிலும் பாடசாலையிலும் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே: "அது பகிடிக்குச் செய்தது." இவ்விடை எங்கிருந்து வருகின்றது, வெகுசனத் தொடர்புச் சாதனங்கள், சிறப்பாகத் தமிழ்த் திரைப்படம், இதனை எவ்வாறு பேணி வளர்க்கின்றன என்பதை மட்டக்களப்பின் வடபாலுள்ள கல்குடாப் பகுதியின் அனுபவத்தை முன்வைத்து நோக்க இக்கட்டுரை முற்படுகின்றது.

கல்குடா என்றதும் வெளியூரவர்க்கு நினைவில் எழுவது பாசிக்குடாவையும் கல்குடாவையும் ஒட்டிய ஆழமற்ற நீலக் கடலும், 2009இன் பின்னர் அங்கே வரிசையாக எழுந்த விடுதிகளுமே. நாம் கருதும் கல்குடா அதனினும் அகன்றது. வாழைச்சேனைக் களப்பையும் அதனைச் சூழ்ந்த மீனவ ஊர்களையும், 1950களில் நிறுவப்பெற்ற காகித ஆலையை நம்பிக் குடியேறிய தொழிலாளர் குடும்பங்களையும், உள்நிலத்து வயற்காரரையும் மாடு மேய்ப்போரையும், ஓட்டமாவடி முதலிய முஸ்லிம் ஊர்களையும், வடக்கே வாகரை வரை கடலோரமாய்ப் பரந்து வாழும் வேடர் சமூகத்தினரையும் உள்ளடக்கியது அது. தமிழ் பேசும் இக்கரையோர வேடரைப் பற்றிச் செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலிலேயே தனி இயல் ஒன்று காணப்படுகின்றது. ஆய்வாளர் எழுதிய அளவுக்கு அயலூர் மக்கள் அவர்களை மதித்தனர் என்று சொல்வதற்கில்லை.

இப்பகுதியின் பாடசாலைகளிற் பிள்ளைகளைப் பிரித்துக் காட்டிய அடையாளங்கள் ஒவ்வொரு காலத்தின் வரலாற்றோடும் மாறி வந்துள்ளன. 1978 நவம்பரில் வீசிய சூறாவளியும், 1990இன் இடப்பெயர்வும், 2004 திசம்பர் 26ஆம் நாளின் கடற்கோளும், 2006இன் இறுதியிலும் 2007இன் தொடக்கத்திலும் வாகரை மக்கள் வெளியேறிய போரும் பிள்ளைகளை ஊர் விட்டு ஊர் கொண்டு சென்றன. வந்து சேர்ந்த பிள்ளை ஏற்கனவே அமைந்திருந்த வகுப்பிற் கடைசி வாங்கில் இருந்தது. அதற்கு 'முகாம்' என்ற சொல்லே பெயராயிற்று. பேச்சில் உள்நாட்டு மணம் வீசினால் அது இன்னொரு பெயர். 'வேடன்' என்ற சொல்லோ ஒரு சமூகத்தின் பெயராக இருந்தும் வகுப்பறையில் வசைச்சொல்லாகவே வழங்கிற்று. அச்சமூகத்தைச் சேராத பிள்ளையைத் திட்டவும் அது பயன்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பாலும் வெவ்வேறு பாடசாலைகளிற் பயின்றமையால் அவர்களிடையேயான பகை வகுப்பறைக்குள் நுழைவது அரிது. பேருந்திலும் தனியார் ரியூசன் கொட்டில்களிலுமே அது தலைகாட்டிற்று. வகுப்பறைக்குள் நிகழ்ந்ததெல்லாம் தம்மவர் என்று கருதப்படுவோரிடையே நிகழ்ந்ததாகும். இதனை வற்புறுத்துவது அவசியம். இனமுரண்பாட்டைப் பற்றிப் பேசிப் பேசி, எம்மவரிடையேயுள்ள படிநிலைகளைப் பேசாது விடும் பழக்கம் எம்மிடம் வேரூன்றியுள்ளது.

எமது அனுபவம் ஒன்றைக் கூறுதல் இவ்விடத்திற் பொருந்தும். கடற்கோளுக்கு அடுத்த ஆண்டு, எட்டாம் தரத்தில், இப்பகுதிப் பாடசாலை ஒன்றில் எம் வாங்கில் ஒரு மாணவர் வந்து சேர்ந்தார். வடக்கேயுள்ள கரையூர் ஒன்றிலிருந்து தாய்மாமனோடு வந்திருந்தார். கணக்கில் வல்லவர். அவர் 'ழ'கரத்தை ஒலிப்பது வேறாக இருந்தது. முதல் வாரத்திலேயே ஒரு பெயர் விழுந்தது. பெயர் என்னவென்று இங்கு எழுதுவது அப்பெயருக்கு மீண்டும் உயிர் கொடுப்பதாகும். அப்பெயரை முதலிற் சொன்னவர் வகுப்பிற் பலசாலி அல்லர். நன்றாகக் குரல் மாற்றிப் பேசத் தெரிந்தவர். திரைப்பட நகைச்சுவை நடிகர் ஒருவரின் குரலில் அவர் அதைச் சொன்னார். வகுப்பு சிரித்தது. நாம் இன்றும் மறவாதது, அந்த மாணவரும் உடன் சிரித்தமையாகும். சிரிக்காதிருந்தால் 'ரோசக்காரன்' என்று இன்னொரு பெயர் விழும் என்பதை அவர் எங்கோ ஏற்கனவே கற்றிருந்தார்.

இரண்டாம் தவணையில் ஓர் ஆசிரியர் புள்ளிகளை வாசிக்கும்போது இடாப்பிலுள்ள பெயருக்குப் பதிலாக அப்பட்டப்பெயரைச் சொன்னார். அவர் கொடியவர் அல்லர். பிள்ளைகளோடு நெருங்கிப் பழகுபவர் என்று பெயரெடுத்தவர். அந்த நெருக்கத்தைக் காட்டவே அவ்வாறு சொன்னார் என்று நம்புகின்றோம். ஆயினும் அன்றுமுதல் அப்பெயர் பாடசாலையின் பெயராயிற்று. கீழ்வகுப்புப் பிள்ளைகளும் சொல்லலாயினர். மூன்றாம் தவணையில் அவர் வரவில்லை. மாமனோடு தோணியில் தொழிலுக்குச் செல்வதாக அறிந்தோம். இடைவிலகலுக்கான காரணமாகப் பாடசாலை 'குடும்ப வறுமை' என்று பதிந்தது. அது பொய்யன்று. அவரினும் வறிய பிள்ளைகள் நால்வர் அதே வகுப்பில் இருந்து சாதாரணதரப் பரீட்சை வரை பயின்றனர் என்பதை அப்பதிவு சொல்லாது. வறுமை, தொழில், தூரம், நோய் என்பன அறியப்பட்ட காரணங்கள். சிரிப்பு என்பது எந்தப் படிவத்திலும் காரணமாக இடம்பெறுவதில்லை.

ஆசிரியரின் ஒரு சொல் ஒருவரது கல்வியை முடித்துவைத்தமைக்கு எமது இலக்கிய வரலாற்றிலேயே சான்று உண்டு. 'மல்லிகை' ஆசிரியர் டொமினிக் ஜீவா (1927–2021) சிறுவயதிற் பள்ளியை விட்டு வெளியேறியமைக்கு, ஆசிரியர் ஒருவர் அவருடைய குடும்பத்தின் சாதித்தொழிலைச் சுட்டி வகுப்பில் இழித்துரைத்தமையே காரணமாயிற்று என்பதை அவரே எழுதியுள்ளார். அவர் 1966 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஓர் இலக்கிய இதழை நடத்தினார். அதனைக் கொண்டு அந்த ஆசிரியரின் சொல் நன்மையாய் முடிந்தது என்று கூறுவாரும் உளர். இது கொடுமையை நியாயப்படுத்தும் வாதமாகும். ஒரு ஜீவாவை நாம் அறிவோம். அவ்வாறே வெளியேறி எதனையும் எழுதாது போனவர்களை அறியோம். 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் யாழ்ப்பாணப் பாடசாலைகளில் 'சம ஆசனம்' வேண்டி நிகழ்ந்த போராட்டமும், அதனை எதிர்த்துப் பாடசாலைகளே எரிக்கப்பட்டமையும், வாங்கில் யார் எங்கே இருப்பது என்ற வினா எத்துணை ஆழமானது என்பதை உணர்த்தும். தரையில் இருத்தப்பட்ட பிள்ளை வாங்குக்கு வந்துவிட்டது. தரையில் இருத்துவதற்கு உதவிய மனப்பாங்கு வாங்கிலிருந்து எழுந்து போய்விடவில்லை.

பாடசாலைத் துன்புறுத்தல் ஓர் ஆய்வுப்பொருளாக உருவான வரலாறும் ஈண்டுக் கவனிக்கத்தக்கது. 1960களின் இறுதியிற் சுவீடன் மருத்துவர் பீற்றர் போல் ஹைனெமன், பறவைக் கூட்டம் ஒன்று சேர்ந்து தனி விலங்கைத் தாக்குவதைக் குறிக்க விலங்கியலாளர் கொன்ராட் லோரன்ஸ் பயன்படுத்திய சொல்லைப் பள்ளிப் பிள்ளைகளின் செயலுக்கு வழங்கினார். அவர் கண்டது கும்பலை. அடுத்து வந்த உளவியலாளர் டான் ஒல்வேயஸ் இக்கருத்தை மறுத்தார். கும்பல் என்று சொல்வதால் முன்னின்று செய்யும் ஓரிருவரின் பொறுப்பு மறைந்துவிடும் என்பது அவர் வாதம். 1982இன் இறுதியில் வட நோர்வேயில் மூன்று சிறுவர் தற்கொலை செய்துகொண்டதை அடுத்து, 1983இல் நோர்வே அரசு நாடளாவிய இயக்கம் ஒன்றைத் தொடங்கிற்று. ஒல்வேயஸின் ஆய்வு அதற்கு அடிப்படையாயிற்று. துன்புறுத்தும் நோக்கம் இருத்தல், மீண்டும் மீண்டும் நிகழ்தல், இருவரிடையே வலிமை ஒவ்வாதிருத்தல் என அவர் வகுத்த மூன்று இயல்புகள் இன்றும் பொதுவாக ஏற்கப்படுகின்றன. 1996இற் பின்லாந்து ஆய்வாளர் கிறிஸ்தினா சல்மிவல்லியும் அவருடன் பணியாற்றியோரும் மீண்டும் கும்பலுக்குத் திரும்பினர். இம்முறை அதனைப் பகுத்து நோக்கினர். தொடக்குபவர், கைகொடுப்பவர், சிரித்து ஊக்குபவர், ஒதுங்கி நிற்பவர், பாதுகாப்பவர் என வகுப்பிலுள்ள ஏறக்குறைய அனைவருக்கும் ஒரு பங்கு உண்டென்று காட்டினர். எமது நோக்கிற்கு இவர்களுட் சிரித்து ஊக்குபவரே முக்கியமானவர்.

இவ்வாறு கூறுமிடத்து ஓர் எதிர்ப்பு எழுதல் கூடும். மட்டக்களப்புச் சமூகம் பகிடியை வெறுக்கும் சமூகமன்று. பகிடிக்கு நிறுவன வடிவமே கொடுத்த சமூகம் இது. கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டை வித்துவான் வீ. சீ. கந்தையா 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) போன்ற தம் நூல்களின் வழி கற்றோர் கவனத்திற்குக் கொண்டுவந்தார். ஊரவர் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரிவர். கொளுவிய இரு கொம்புகளைக் கயிறு பூட்டி இழுப்பர். எவருடைய கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றவர். தோற்றோரை வென்றோர் வசைப்பாட்டாற் பழிப்பர். அப்பாடல்களிற் சில இன்று அச்சில் ஏறாத அளவுக்குக் கடுமையானவை. மச்சான் முறையுள்ளோரிடையே நிலவும் கேலியும் இத்தகையதே; மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிறவுன் 1940இல் 'கேலி உறவு' என்று விளக்கிய வழக்கத்திற்கு எமது ஊர்களிற் சான்று தேட வேண்டியதில்லை. அங்ஙனமாயின் பாடசாலைப் பகிடியை மட்டும் பழிப்பது ஏன் எனக் கேட்கலாம்.

விடை அந்த வழக்கங்களின் அமைப்பிலேயே உள்ளது. கொம்புமுறியில் இரு சேரியும் ஒத்த நிலையின. இன்று வசை கேட்பவர் நாளை வசை பாடுவார். வசைக்குக் காலமும் இடமும் உண்டு. சடங்கு முடிய வசையும் முடியும். மச்சானைக் கேலி செய்பவரை மச்சானும் கேலி செய்வார். மாமனாரை எவரும் கேலி செய்யார். அதாவது, திருப்பிச் சொல்லும் உரிமையே பகிடியைப் பகிடியாக வைத்திருக்கின்றது. எட்டாம் தரத்து மாணவருக்கு அந்த உரிமை இல்லை. முப்பத்தைந்து பேர் ஒருவருக்குப் பெயரிடலாம். ஒருவர் முப்பத்தைந்து பேருக்குப் பெயரிட முடியாது. ஒல்வேயஸ் வலிமை ஒவ்வாமை என்று கூறியதை எமது ஊர் மரபு வேறொரு மொழியில் முன்னரே அறிந்திருந்தது. மரபு மறைந்து அதன் சொல் மட்டும் எஞ்சியமையால், ஒரு வழிச் செயலுக்கும் இருவழி உறவின் பெயரையே நாம் வழங்கிவருகின்றோம்.

தமிழ்த் திரைப்படத்திற்கு வருவோம். கல்குடாப் பகுதிப் பிள்ளைகளின் நகைச்சுவை உணர்வை வடிவமைத்த பெருஞ்சக்தி அதுவே. 1980களில் மின்பிறப்பாக்கியோடு முற்றங்களிற் காட்டப்பட்ட வீடியோப் படங்கள் முதல் இன்றைய கைப்பேசித் துணுக்குகள் வரை, அது போய்ச் சேராத ஊர் இல்லை. கூத்தும் வசந்தனும் ஆண்டில் ஒருமுறை வந்தன. திரைப்படம் நாள்தோறும் வந்தது. அந்நகைச்சுவையின் மிக வலிய வாய்பாடு கவுண்டமணி–செந்தில் இணையினுடையது. 'கரகாட்டக்காரன்' (1989) படத்து வாழைப்பழக் காட்சியை அறியாத தமிழர் குறைவு. அக்காட்சியின் சொற்சாதுரியத்தை நாமும் மதிக்கின்றோம்; செந்தில் ஏற்ற பாத்திரங்கள் பலவேளை தந்திரத்தால் வென்றுவிடுவதையும் மறுக்கவில்லை. ஆயினும் ஆயிரம் காட்சிகளில் திரும்பத் திரும்ப வருவது ஒன்றே: உடலின் வடிவையும் நிறத்தையும் சுட்டிய ஒரு வசை, ஓர் அடி, அடுத்து ஒரு சிரிப்பு. அடிபட்டவர் அடுத்த காட்சியில் அதே இடத்தில் வந்து நிற்பார். அவருக்கு நோவில்லை, நினைவில்லை. வகுப்பறையில் ஒரு பிள்ளை அழுதால் மற்றப் பிள்ளைகள் வியப்படைவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். அவர்கள் பார்த்த படத்தில் அந்த இடத்தில் நின்றவர் அழுததில்லை.

துணைக்கதையாக நின்ற இவ்வாய்பாடு கதைத்தலைவனின் செயலாகவே உயர்வதை 'நண்பன்' (2012) காட்டுகின்றது. இந்திப் படமொன்றின் மறுவாக்கமான இது, மனனக் கல்வியையும் போட்டியையும் கண்டிக்கும் முற்போக்குப் படமென்று பாராட்டப்பட்டது. தொடக்கத்தில் விடுதியில் மூத்தோர் புதியோரை வதைக்கும் காட்சி உண்டு. கதைத்தலைவன் தன் அறிவியல் அறிவால் மூத்தவனைத் தண்டிக்கின்றான். பார்வையாளர் மகிழ்கின்றனர். பின்னர் அதே கதைத்தலைவனும் தோழர்களும், தமிழ் சரிவரத் தெரியாத மாணவன் ஒருவன் மேடையில் வாசிப்பதற்கெனப் பாடம் செய்த உரையிற் சொற்களை மாற்றிவைக்கின்றனர். அவன் பொருளறியாது ஆபாசச் சொற்களை ஒப்புவிக்கின்றான். மண்டபம் அதிர்கின்றது. அச்சிரிப்பைத் தனக்குக் கிடைத்த பாராட்டென்று நினைத்து அவன் மேலும் உற்சாகமாகப் பேசுகின்றான். அவன் தற்பெருமைக்காரன், பிறரைக் கெடுக்க நினைப்பவன் என்று படம் முன்னரே எமக்குச் சொல்லிவைத்திருக்கின்றது. ஆதலால் எமக்குச் சங்கடம் எழுவதில்லை. வதைப்போர் எல்லா இடத்தும் கைக்கொள்ளும் முறை இதுவே. முதலில் அவன் அதற்கு உரியவன் என்று நிறுவுவர், பிறகு சிரிப்பர். மொழி தெரியாமை, வேற்றூர்ப் பேச்சு என்பவற்றைக் கண்டு சிரிப்பதற்கு ஒரு முற்போக்குப் படத்தின் அனுமதி கிடைத்துவிடுகின்றது. மூத்தவனின் வதையை எதிர்த்த படம் கதைத்தலைவனின் வதையைக் கொண்டாடுவது எமக்கு முரண்பாடாகத் தோன்றவில்லை. வதை தவறென்று அப்படம் ஒருபோதும் கூறவில்லை, தவறான ஆள் செய்தான் என்றே கூறிற்று.

இதன் மறுதலையாக அமைந்தது 'காதல் கொண்டேன்' (2003). அநாதையாக வளர்ந்த, கணக்கில் வல்ல மாணவன் கல்லூரி வகுப்பில் எள்ளப்படுகின்றான், விரிவுரையாளரும் அவமதிக்கின்றார். செல்வராகவன் அம்முற்பகுதியைக் கூரிய அவதானத்தோடு அமைத்துள்ளார் என்பதில் ஐயமில்லை. ஆயின் படம் முடிவதற்குள் அம்மாணவன் மனநோயாளனாகவும் கொலைகாரனாகவும் ஆகின்றான். எள்ளப்பட்டவனைக் கண்டு சிரிக்க வேண்டும், அல்லது அஞ்ச வேண்டும் என்ற இரு நிலைகளையே வெகுசனப் படம் எமக்கு விட்டுவைக்கின்றது. எள்ளப்பட்ட பிள்ளைகளுட் பெரும்பாலோர் எவரையும் கொல்வதில்லை. அவர்கள் பின்வாங்குக்குப் போகின்றனர், கையுயர்த்தாது இருக்கப் பழகுகின்றனர், அல்லது தோணியேறிவிடுகின்றனர். இதில் நாடகம் இல்லையாதலால் திரையில் இடமும் இல்லை.

'டொம் பிறவுனின் பள்ளிநாட்கள்' (1857) முதல் ஆங்கிலப் பள்ளிக் கதைகளுக்கும் இக்குறை உண்டு. அந்நாவலில் ஃபிளாஷ்மன் என்ற ஒரு கொடியவன் இளையோரை வதைக்கின்றான். அவன் பள்ளியிலிருந்து நீக்கப்படுவதோ குடித்தமைக்காக! கீழ்வகுப்பார் மேல்வகுப்பாருக்கு ஏவல் செய்யும் முறை அப்பள்ளியின் ஒழுங்காகவே இருந்தது. ஆசிரியர் அதனைக் கேள்விக்குட்படுத்தவில்லை. கொடியவன் போனால் பள்ளி நல்லதாகிவிடும் என்ற நம்பிக்கை அன்றுமுதல் நிலைத்துவிட்டது.

பாண்டிராஜின் 'பசங்க' (2009) இவ்வகையிற் குறிப்பிடத்தக்க முன்னேற்றமாகும். புதுக்கோட்டைப் பகுதிக் கிராமப் பள்ளி. புதிதாக வந்த மாணவன் ஒருவன். அவனை எதிர்க்கும் மாணவனோ வகுப்பாசிரியரின் மகன். துன்புறுத்தலுக்குப் பின்னே வகுப்பறையின் அதிகாரம் நிற்கின்றது என்பதையும், பிள்ளைகளின் பகை பெரியோரின் வீடுகளிலிருந்து வருகின்றது என்பதையும் இப்படம் உணர்ந்திருக்கின்றது. ஆயினும் இரு வீட்டாரும் உறவாகி, இரு பிள்ளைகளும் நண்பராகி முடிவடைகின்றது. ஏறத்தாழ ஒத்த நிலையிலுள்ள இரு குடும்பங்களிடையே அது இயலும். ஒத்த நிலை இல்லாதவிடத்து என்ன நிகழும் என்ற வினாவை அப்படம் எழுப்பவில்லை. எழுப்பவேண்டுமென்று நாம் கோருவதும் முறையன்று.

அவ்வினாவை எழுப்பியது 'பரியேறும் பெருமாள்' (2018). திருநெல்வேலிச் சட்டக் கல்லூரியில் ஆங்கிலம் புரியாது தவிக்கும் மாணவனைக் கண்டு வகுப்பு சிரிக்கின்றது. அந்தச் சிரிப்பிலிருந்து தொடங்கி, கழிப்பறைக்குள் தள்ளுதல், அடி, பெண்வேடமிட்டு ஆடும் கலைஞராகிய தந்தையின் ஆடையைக் களைந்து துரத்துதல் என ஒவ்வொரு படியாக ஏறுகின்றது. மாரி செல்வராஜ் காட்டும் முக்கியமான உண்மை இந்தத் தொடர்ச்சியே. வகுப்பறைச் சிரிப்பு வேறு, வீதி வன்முறை வேறு என்று நாம் பிரித்து வைத்திருப்பவற்றை அவர் ஒரே கோட்டில் வைக்கின்றார். மற்றொன்றும் உண்டு. வகுப்பு சிரிக்கும்போது பார்வையாளர் சிரிப்பதில்லை. ஒளிப்படக்கருவி சிரிப்பவரோடு நில்லாது, சிரிக்கப்படுபவரோடு நிற்கின்றது. தமிழ்த் திரைப்பட வரலாற்றில் இஃது ஒரு பெரிய இடமாற்றம் என்றே நாம் கருதுகின்றோம்.

அப்படம் கற்பனை மிகைப்படுத்தியது என்று சொன்னவர்களுக்கு விடை 2023 ஆகஸ்டில் அதே மாவட்டத்து நாங்குநேரியிலிருந்து வந்தது. தலித் மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் தம் வீட்டிலேயே உடன்படிக்கும் மாணவரால் அரிவாளால் வெட்டப்பட்டனர். பள்ளியில் அவர் நெடுநாள் துன்புறுத்தப்பட்டு, அதுபற்றி முறையிட்டதன் பின்னரே இது நிகழ்ந்தது. தமிழ்நாட்டரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர்க் குழு 2024 யூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கைக்கயிறுகளையும் பள்ளிப் பெயர்களிலுள்ள சாதி அடைகளையும் நீக்குமாறு அது பரிந்துரைத்தது. அறிக்கையின் சில பகுதிகள் கடும் எதிர்ப்பைச் சந்தித்தமை எதிர்பார்க்கத்தக்கதே. கயிற்றை அறுப்பது எளிது. கல்குடாவிற் கயிறு இல்லை. பேச்சும் ஊர்ப்பெயருமே போதுமாயிருந்தன.

சட்டங்களைப் பொறுத்தவரை, மரணமே அவற்றைக் கொண்டுவந்தது. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவராற் கொலையுண்டதை அடுத்துத் தமிழ்நாட்டில் 1997இற் சட்டம் வந்தது. 1997இற் பேராதனைப் பொறியியற்பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் இறந்ததை அடுத்து இலங்கையில் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பின்னது முதன்மையாகக் கருத்திற் கொண்டது உயர்கல்வி நிறுவனங்களையே. பாடசாலைகளுக்கு வந்தது உடற்றண்டனையைத் தடுக்கும் 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை; ஆசிரியரின் பிரம்பை அது நோக்கிற்று, ஆசிரியர் வைத்த பெயரை நோக்கவில்லை. செய்தித்தாள்களும் மரணத்திற்கே பத்தி ஒதுக்குகின்றன. இதற்கிடையே துன்புறுத்தலின் களமும் மாறிவிட்டது. எம் காலத்தில் இரண்டு மணிக்கு மணியடித்தால் பெயரும் வாசலோடு நின்றுவிடும். வீட்டில் ஒருவருக்கு வீட்டுப்பெயர் இருந்தது. இன்று வாட்ஸ்அப் குழுவில் அப்பெயர் வீடுவரை செல்கின்றது. படம்பிடிக்கப்பட்ட அவமானத்திற்குத் திரைப்பட நகைச்சுவையின் ஒலித்துணுக்கு ஒன்றும் ஒட்டப்படுகின்றது. திரைப்படம் வகுப்பறைக்குக் கற்பித்ததை வகுப்பறை திரைப்படமாகவே திருப்பிச் செய்கின்றது.

இத்துணுக்குகளைத் தடைசெய்வதால் யாதும் விளையாது. தாழங்குடாவிலுள்ள கல்வியியற் கல்லூரியிலும் பிற ஆசிரியர் பயிற்சி நிலையங்களிலும் எளிய முயற்சி ஒன்றை மேற்கொள்ளலாம் என்பது எமது முன்மொழிவு. 'நண்பன்' படத்தின் மேடையுரைக் காட்சியை ஆசிரிய மாணவர்க்கு இருமுறை திரையிடலாம். முதன்முறை ஒலியோடு, இரண்டாம் முறை ஒலியை நிறுத்தி. ஒலியில்லாதபோது சொற்சிலேடை போய்விடும். எஞ்சுவது ஒருவரது மகிழ்ந்த முகமும், அவரை நோக்கி வாய்திறந்த பல நூறு முகங்களும் மட்டுமே. அதன்பின் விளக்கைப் போட்டு, பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் தாம் பயின்ற வகுப்பில் வழங்கிய பட்டப்பெயர்களை நினைவிலிருந்து எழுதட்டும். அவற்றின் எதிரே, நினைவிருந்தால், இடாப்பிலிருந்த பெயர்களையும்.